கனவில் வரும் அப்பாவிடம் பேச முடியுமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். போன ஐப்பசியில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அன்று காலையில் நெஞ்சு எரிகிறது என்று சொன்னார். வாயுவாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மாதத்தில் இரண்டு மூன்று முறை கனவில் வருகிறார். கடை வாசலில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கி பஞ்சர் பார்த்துக்கொண்டிருப்பார். “சாப்ட்டயா கண்ணு?” என்பார். நானும் ஏதோ பதில் சொல்வேன். அவர் உயிரோடு இல்லை என்பது அப்போது நினைவுக்கே வராது. விழித்த பிறகு, பேசியிருக்கலாமே என்று அழுவேன். தியானம் செய்தால் கனவில் இருக்கும்போதே அது கனவு என்று தெரியும், அதற்கு லூசிட் ட்ரீமிங் என்று பெயர் என்று யூடியூபில் பார்த்தேன். மூன்று மாதமாகத் தினமும் இரவு 20 நிமிடம் மூச்சைக் கவனிக்கிறேன். 11.30க்குப் படுத்து, 3 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தும் பார்த்தேன். கனவில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் இரண்டு முறை, விழிப்பு வந்தும் கை காலை அசைக்க முடியாமல் கிடந்தேன். யாரோ நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. “அமுக்குவான் பேய், இதெல்லாம் வேண்டாம் விட்டுடு” என்கிறார் அம்மா. லூசிட் ட்ரீமிங் நிஜமா? நான் தொடரலாமா?
– வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது நிஜம்தான். தொடரலாம். ஆனால் 3 மணி அலாரத்தை இன்று இரவிலிருந்தே நிறுத்திவிடுங்கள். இரவில் 20 நிமிடம் உட்காருவது மட்டும் இதற்குப் போதாது. ஏன் போதாது, அதனுடன் எதைச் சேர்க்க வேண்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன். அப்பாவிடம் சொல்ல நினைப்பதைச் சொல்வதற்கு அப்படி ஒரு கனவு வரும்வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். கடிதத்தில் என் மனதைத் தொட்ட வரி அந்த நெஞ்செரிச்சல் பற்றியதுதான். அதற்கும் வருகிறேன்.

கனவு காணும்போதே இது கனவு என்று தெரிவது யூடியூப் காலத்துச் சரக்கு அல்ல. ஹாலந்து நாட்டு மனநல மருத்துவர் ஃபிரெடெரிக் வான் ஈடன் தன் கனவுகளைப் பல வருடம் குறித்துவைத்து, 1913இல் இதைப் பற்றி எழுதினார். ஆனாலும் ஆய்வாளர்கள் வெகுகாலம் நம்பவில்லை. தூங்குகிறவருக்கு ஏது தெளிவு, இடையில் அரைகுறையாக விழித்து நினைத்ததைக் கனவு என்கிறார் என்றார்கள். 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற உளவியலாளர் இதைச் சோதிக்க ஒரு வழி கண்டார். கனவு அதிகம் வருகிற ரெம் உறக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். மூச்சுக்கான உதரவிதானமும் கண்ணை அசைக்கும் தசைகளும் அதற்கு விதிவிலக்கு. அதனால், கனவில் தெளிவு வந்ததும் கண்களை இடமும் வலமுமாக இத்தனை முறை ஆட்ட வேண்டும் என்று ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார். வோர்ஸ்லி ரெம் உறக்கத்தில் இருக்க, கருவியில் அந்தக் கண் அசைவு பேசிவைத்தபடியே பதிவானது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் இதையே தனியாகச் செய்து காட்டினார். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படித் தெளிவோடு கனவு காண்கிறவர்களிடம் வெளியிலிருந்தே கேள்வி கேட்டார்கள். எட்டில் ஆறு போனால் மீதி எத்தனை என்று கேட்டதற்கு, தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணை இரண்டு முறை ஆட்டிப் பதில் சொன்னார். எல்லா முறையும் இப்படி நடந்துவிடவில்லை. சரியான பதில் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான தடவைகளில்தான். ஆனாலும் அது நடந்தது.

இது அபூர்வமான சித்தியும் இல்லை. ஐம்பது வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கணக்குப்படி, வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த அனுபவம் கிடைத்தவர்கள் சுமார் 55 சதவீதம். மாதம் ஒரு தடவையோ அதற்கு மேலோ கிடைக்கிறவர்கள் சுமார் 23 சதவீதம். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். பலருக்குத் தானாகவே வருவதைத்தான் நீங்கள் முயற்சி செய்து வரவழைக்கப் பார்க்கிறீர்கள்.

சரி, அப்பா எதிரில் உட்கார்ந்து பேசும்போது, அவர் இறந்துவிட்டார் என்பது ஏன் நினைவுக்கு வருவதில்லை? ரெம் உறக்கத்தில் மூளையின் உணர்ச்சிப் பகுதிகளும் காட்சிப் பகுதிகளும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். “இது எப்படி நடக்கும்?” என்று நிறுத்திக் கேட்கிற முன்மூளைப் பகுதிகள் அடங்கிக் கிடக்கும். அதனால்தான் அப்பாவின் குரலும் டியூபிலிருந்து கிளம்பும் குமிழியும் அச்சு அசலாக இருக்கின்றன, ஐப்பசியில் நடந்தது மட்டும் எட்டவில்லை. பேசியிருக்கலாமே என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ள இதில் எதுவும் இல்லை. கனவில் எல்லோருக்கும் அப்படித்தான். தெளிவு வருகிற கனவில் அந்தப் பகுதிகள் ஓரளவு விழித்துக்கொள்கின்றன என்று கருதுகிறார்கள்.

இனி தியானத்துக்கு வருவோம். இரவு உட்கார்ந்து மூச்சைப் பார்க்கிறீர்கள். நாலைந்து மூச்சு போகும். அப்புறம் 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய ஜிஎஸ்டி ரிட்டர்ன் நினைவுக்கு வரும். இன்னும் பில் அனுப்பாத ஒரு கிளையண்ட் நினைவுக்கு வருவார். போனில் எப்படிக் கேட்பது, அவர் என்ன சாக்குச் சொல்வார், அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று உள்ளுக்குள் ஒரு முழு வாக்குவாதமே ஓடும். அந்த நேரத்தில், தியானத்துக்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதே உங்களுக்குத் தெரியாது. கிளையண்ட் எதிரிலேயே நிற்கிறார், கோபம் வருகிறது, பல்லைக் கடிக்கிறீர்கள். பிறகு, நீங்களாக எதுவும் செய்யாமலே, சட்டென்று ஒரு கணம் வரும். அட, மூச்சைப் பார்க்கத்தானே உட்கார்ந்தோம்!

பெரும்பாலானவர்கள் இந்தக் கணத்தைத் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். “எனக்குத் தியானமே வரவில்லை டாக்டர், மனசு எங்கெங்கேயோ ஓடுகிறது” என்று என்னிடம் சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கணத்தைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்கோ முழு 20 நிமிடத்திலும் மதிப்பு மிக்கது அதுதான். ஒரு காட்சிக்குள் முழுக்க மூழ்கிப்போன மனம், தான் மூழ்கியிருப்பதைத் தானே கண்டுகொள்கிறது. கனவில் தெளிவு வரும்போதும் இதேதான் நடக்கிறது. தினமும் இரவில் பத்து இருபது தடவை அந்தப் பயிற்சி உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதைத் தவறு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

அதனால் உங்கள் தியானத்தில் ஒரே ஒரு மாற்றம் போதும். அந்தக் கணம் வந்ததும் பதறிப்போய் மூச்சுக்கு ஓடாதீர்கள். இரண்டு மூன்று விநாடி அங்கேயே நின்று பாருங்கள். இவ்வளவு நேரம் எங்கே இருந்தேன்? அது எவ்வளவு நிஜமாக இருந்தது? பல் இன்னும் கடித்தபடி இருக்கிறதா? பார்த்த பிறகு நிதானமாக மூச்சுக்குத் திரும்புங்கள். மனம் அலையவே கூடாது என்பதைக் குறியாக வைத்து உட்கார்ந்தால் அமைதி கிடைக்கும், நல்ல தூக்கமும் வரலாம். கனவுக்குள் விழிக்க வேண்டுமென்றால், அலைந்ததைக் கண்டுகொள்வதில்தான் கவனம் வேண்டும்.

நேரத்தையும் மாற்றச் சொல்வேன். 11 மணிக்கு, நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துக் களைத்த கண்களோடு உட்கார்ந்தால் பாதி நேரம் தூக்கக் கலக்கத்தில் போய்விடும். காலையில் குளித்த பிறகு 15 நிமிடம் உட்காருங்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும்.

மூன்று மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னால் உங்கள் மனம் கொஞ்சம் ஆறும். பல வருடமாகத் தியானம் செய்கிறவர்களுக்கு, செய்யாதவர்களைவிட இத்தகைய கனவுகள் அதிகம் வருகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அதே ஆய்வில், தியானப் பழக்கம் இல்லாதவர்களுக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஜான் கபாட்-ஸின் 1979இல் மாசச்சூசெட்ஸில் தொடங்கிவைத்து, இன்று பல நாட்டு மருத்துவமனைகளில் நடக்கிற அதே பயிற்சி. கனவில் தெளிவு அதனால் கூடவில்லை. ஆக, மூன்று மாதத்தில் வராதது உங்கள் குறை இல்லை. பல வருடத் தியானிகளுக்கு அதிகம் வருவதற்கும் தியானம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இயல்பிலேயே அப்படிப்பட்ட மனவாகு உள்ளவர்கள்தான் தியானத்தில் பல வருடம் நிலைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. “21 நாளில் லூசிட் ட்ரீமிங்” என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என் கருத்து இது. தியானம் மனதைப் பதப்படுத்தும். அந்தக் கண்டுகொள்ளும் பழக்கம் பாயை விட்டு எழுந்து பகலுக்குள் நடமாட வேண்டும். அப்போதுதான் அது இரவுக்கும் போகும். பகல் முழுக்க எந்திரம் மாதிரி ஓடிவிட்டு இரவில் மட்டும் விழிப்பை எதிர்பார்ப்பது நடக்காது.

பகலில் செய்வதற்கு எல்லா வீடியோக்களும் ஒரே யோசனையைத்தான் சொல்லும். மணிக்கு ஒரு தடவை “இது கனவா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள், மூக்கைப் பொத்தி மூச்சு வருகிறதா பாருங்கள், எழுத்தை ஒரு தடவை படித்துவிட்டு மறுபடியும் படியுங்கள் என்பார்கள். யோசனை தவறில்லை. கனவில் மூக்கைப் பொத்தினாலும் மூச்சு வரும், எழுத்து இரண்டாவது பார்வையில் மாறிவிடும். ஆனால் செல்போன் அலாரம் அடிப்பதற்காக மூக்கைப் பொத்தினால், பத்து நாளில் அது வெறும் கை வேலையாகிவிடும். கனவிலும் மூக்கைப் பொத்திவிட்டு, மூச்சு வருவதைக் கண்டும் காணாமல் மேலே போவீர்கள். கேள்வியை நிஜமாகவே கேட்க வேண்டும். இங்கே எப்படி வந்தேன்? இதற்கு முன்னால் எங்கே இருந்தேன்? இங்கே இருக்கக் கூடாத எதாவது இருக்கிறதா? ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இப்படிக் கேட்டாலே போதும்.

எப்போது கேட்பது? கனவில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது பகலில் எதிர்ப்படும்போதெல்லாம் கேட்க வேண்டும் என்பது லபெர்ஜ் சொல்லிக்கொடுத்த முறை. உங்களுக்கு அது எதுவென்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அப்பாதான். சாலையோரம் பஞ்சர் கடையைப் பார்க்கும்போது, யாரோ டியூபை ரப்பர் வைத்துத் தேய்க்கும் சத்தம் கேட்கும்போது, வீட்டில் மாலை போட்ட படத்தைத் தாண்டிப் போகும்போது நின்று உங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்: “அப்பா இறந்துவிட்டார். அவரை நேரில் பார்த்தால் நான் கனவில் இருக்கிறேன்.”

எழுதும்போதே எனக்குக் கை தயங்குகிறது. ஏனென்றால் இது லேசான வாக்கியம் இல்லை. சாதாரணப் பயிற்சியாக எடுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்து தடவை சொல்லிவிட்டுப் போக முடியாது. முதல் வாரம் அழுகை வரும். வரட்டும். ஆனால் நீங்கள் தேடுகிற கனவுக்கு வேறு வாசல் இல்லை. கனவில் தெளிவு என்பது அப்பா எதிரில் இருக்கும் அந்த நேரத்தில், அவர் இல்லை என்பதை நினைவுபடுத்திக்கொள்வதுதான். அவரைப் பார்க்கிற சந்தோஷமும் அவரை இழந்த துக்கமும் ஒரே கணத்தில் வந்து நிற்கும். உங்கள் மனம் இன்னும் அதற்குத் தயாராகாமல் இருக்கலாம். “சாப்ட்டயா கண்ணு” என்ற கேள்விக்குச் சாதாரணமாகப் பதில் சொல்லும் அந்தக் கனவு, உங்களுக்கு இப்போது தேவைப்படும் ஆறுதலாகவும் இருக்கலாம். அதனால் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரம் கழிந்தும் தாங்க முடியவில்லை என்றால் இந்த முயற்சியை ஒரு வருடம் தள்ளிவையுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் திபெத்திய பௌத்தத்தைச் சொல்லத் தோன்றுகிறது. அங்கே கனவு யோகம் என்று பல நூற்றாண்டுகளாக ஒரு பயிற்சி இருக்கிறது, நாரோபா என்ற பௌத்த குருவின் ஆறு யோகங்களில் அது ஒன்று. பகலில் பார்ப்பதையெல்லாம் “இது கனவு போன்றது” என்று எண்ணிப் பழகச் சொல்வார்கள். கனவில் நினைத்ததையெல்லாம் சாதித்துக்கொள்வது அவர்கள் நோக்கம் இல்லை. வந்ததையும் போனதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற பிடி தளர வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். அதையும் குருவின் துணையோடுதான். இந்த நிதானம் இன்றைய வீடியோக்களில் இல்லை.

இரவு வேலை சுலபம். முதலில் ஒரு நோட்டும் பேனாவும் தலைமாட்டில் வையுங்கள். காலையில் விழித்ததும் புரளாதீர்கள், செல்போனைத் தொடாதீர்கள், கண்ணைத் திறக்கவும் வேண்டாம். அசையாமல் கிடந்து, கடைசியாக என்ன இருந்தது என்று மட்டும் பாருங்கள். கடைசிக் காட்சி கிடைத்தால் அதற்கு முந்தியது தானே வரும். வந்ததை நாலு வரி எழுதுங்கள். ஒன்றுமே வராவிட்டால், விழிக்கும்போது மனம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதினாலும் சரி. முதல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். கனவே நினைவில் நிற்காதவருக்கு, கனவில் தெளிவு வந்தாலும் காலையில் தெரியாது.

அடுத்தது அலாரம். 3 மணி ஏன் வேண்டாம் என்கிறேன்? தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், ரெம் குறைவு. விடியலை நெருங்க நெருங்க ரெம் நீண்டுகொண்டே போகும். 11.30க்குப் படுத்து 3 மணிக்கு எழுந்தால், மூன்றரை மணி நேரத் தூக்கத்தை வெட்டி எழுப்பியதுதான் மிச்சம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017இல் வெளிவந்த ஆய்வில், ஐந்து மணி நேரம் தூங்கிய பிறகுதான் எழச் சொன்னார்கள். எழுந்தவர்கள் சற்று நேரம் விழித்திருந்து, லபெர்ஜின் நினைவுப் பயிற்சியைச் செய்துவிட்டு மறுபடி தூங்கினார்கள். “அடுத்த தடவை கனவு காணும்போது, இது கனவு என்று எனக்கு நினைவு வரும்” என்று மனதாரச் சொல்லிக்கொள்வதும், சற்றுமுன் கண்ட கனவுக்குள் தெளிவோடு இருப்பதாகக் கற்பனை செய்வதும்தான் அந்தப் பயிற்சி. பகல் கேள்வியையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வார காலத்தில் சுமார் 17 சதவீத முயற்சிகளில் பலன் கிடைத்தது. பயிற்சி முடிந்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது 46 சதவீதம் வரை போனது. அதாவது, முக்கி முனகி முயற்சி செய்து தூக்கத்தைத் துரத்திவிட்டால் பலன் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிட வேண்டும்.

உங்களுக்கு இதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பரிந்துரைக்கிறேன். சனிக்கிழமை 10.30க்குப் படுங்கள். அலாரம் வேண்டாம், நாலு நாலரைக்கு எப்படியும் ஒரு தடவை புரண்டு படுப்பீர்கள், பாத்ரூம் போக எழுவீர்கள், அது போதும். விளக்கைப் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து “இது கனவு என்று எனக்கு நினைவு வரும்” என்ற அந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள். கடை வாசலை மனதில் கொண்டுவாருங்கள். அப்பா டியூபை முக்குகிறார், நீங்கள் “இது கனவு” என்று உணர்கிறீர்கள். அதோடு விட்டுப் படுத்துவிடுங்கள், அன்றைக்கு ஏழரை மணிவரை யாரும் எழுப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். மற்ற நாட்களில் ஏழு மணி நேரத் தூக்கம் கட்டாயம். இப்போது நீங்கள் தூங்குவது அதற்கும் குறைவு.

இதிலிருந்தே அமுக்குவான் கணக்கும் புரிந்துவிடும். ரெம் உறக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்கும் என்றேன் அல்லவா? சில நேரம் மனம் முன்னே விழித்துக்கொள்ளும், தசை பின்தங்கிவிடும். கண் திறந்திருக்கும், கை வராது. மூச்சை நீங்களாக இழுத்துவிட முடியாததால் நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருக்கும். கனவின் மிச்சம் அறைக்குள்ளேயே ஓர் உருவமாக நிற்கவும் கூடும். உலகம் முழுக்க இதற்குப் பேயின் பெயர் வைத்திருக்கிறார்கள். பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்திருக்கிறது. அரைகுறைத் தூக்கம், கண்ட நேரத்தில் எழுவது, மல்லாந்து படுப்பது எல்லாம் இதைத் தூண்டும். 3 மணி அலாரம் உங்களுக்குச் செய்த வேலை இது என்றே நினைக்கிறேன். மறுபடி வந்தால் எழுந்திருக்கப் போராடாதீர்கள். ஒரே ஒரு விரலை அசைக்கப் பாருங்கள், அல்லது மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு கிடங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. பேய் இல்லை என்று அம்மாவோடு வாதாட வேண்டாம். தூக்கம் கெட்டதால் வந்தது, இனி ஒழுங்காகத் தூங்குவேன் என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி.

ஒருநாள் கனவில் தெளிவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் தடவை சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டு உடனே விழித்துவிடுவீர்கள். அதில் ஏமாற்றமடையாதீர்கள். அடுத்த தடவை, தெளிவு வந்ததும் அப்பாவிடம் ஓடாமல் கனவுக்குள்ளேயே உள்ளங்கைகளைச் சேர்த்துத் தேயுங்கள், தரையைப் பாருங்கள், கையில் அந்தச் சூடு தெரிகிறதா என்று கவனியுங்கள். கனவு சற்று நேரம் நிற்க இது உதவும். அப்புறம் பேசுங்கள். ஆனால் ஒன்றை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் நினைவிலிருந்து உங்கள் மனமே உருவாக்கிய அப்பா. நீங்கள் அறிந்ததைத்தான் அவர் பேசுவார். சில நேரம் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் கூடும், வேறு ஆளாக மாறவும் கூடும். கனவு நம் சொல்பேச்சை முழுக்கக் கேட்பதில்லை. அவர் முகத்தைத் திருப்பினால் “அப்பாவுக்கு என் மேல் கோபம்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கோபம் உங்களுக்கு உங்கள் மேல் உள்ள கோபம்.

அந்தக் காலையைப் பற்றி இப்போது பேசலாம். மாரடைப்பு நெஞ்செரிச்சலாகத் தொடங்குவது மிகச் சாதாரணம். ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் ஒரு டாக்டராலும் வாயுவா மாரடைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் அலட்சியப்படுத்திவிட்டுப் போகவில்லை. அன்று காலை உங்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பேசினீர்கள். மாலையில் தெரியவந்ததை வைத்து அந்தக் காலையை விசாரிக்கிறீர்கள். இப்படி இழந்தவர்கள் எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து இதே விசாரணையை நடத்தியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் குற்றவாளி இல்லை. நீங்களும் இல்லை.

கனவில் அவரிடம் எதைச் சொல்ல ஆசைப்படுகிறீர்களோ அதை விழித்திருக்கும்போதே சொல்லுங்கள். அவருக்குக் கடிதமாக எழுதுங்கள். ஆபீஸ் தமிழில் எழுதாதீர்கள், வீட்டில் அவரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படி எழுதுங்கள். அதை அவர் படத்துக்கு முன்னால் வாய்விட்டுப் படியுங்கள். துக்கத்துக்கான ஆலோசனையில் நாங்கள் உண்மையிலேயே செய்யச் சொல்கிற ஒன்று இது. படித்த அன்று இரவே கனவு மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கனவின் மேல் நீங்கள் ஏற்றிவைத்திருக்கிற பாரம் குறையும். பாரம் குறைந்தால் தூக்கமும் நன்றாக வரும். அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் கனவில் அப்பா வருகிறாரா, வந்தால் என்ன சொல்கிறார் என்று. அவர் பயப்படுவது பேய்க்கு மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். மகள் துக்கத்திலேயே தங்கிவிடுவாளோ என்ற பயமும் அதில் இருக்கலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து ஓர் எச்சரிக்கை. மனச்சிதைவு, இருதுருவ மனநோய் இருந்தவர்களும், விழித்திருக்கும்போதே சுற்றியிருப்பது நிஜமில்லாதது போல் தோன்றுகிறது என்பவர்களும் இந்தப் பயிற்சிக்குள் இறங்க வேண்டாம். “இது கனவா” என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொள்வது அவர்களைக் குழப்பிவிடும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் கனவு அதிகம் வர வேண்டும் என்று அதை நிறுத்தவே கூடாது. கனவுத் தெளிவுக்கு என்று இணையத்தில் கேலன்டமைன் மாத்திரை விற்கிறார்கள். அது அல்சைமர் நோய்க்கான மருந்து. குமட்டல் வரும், இதயத் துடிப்பையும் குறைக்கக்கூடியது. டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம்.

உங்களுக்கு: பகலில் தூக்கம் சொக்கினாலோ, ஸ்கூட்டர் ஓட்டும்போது கண் அசந்தாலோ, அமுக்குவான் அடிக்கடி வந்தாலோ அன்றே ஞாயிறு பயிற்சியை நிறுத்திவிடுங்கள். காலைத் தியானத்தை மட்டும் தொடருங்கள். வருஷ திதி தாண்டியும் வேலையில் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அந்தக் காலை நினைவு விடாமல் துரத்துகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், நீடித்த துக்கத்துக்கு என்றே சிகிச்சை இருக்கிறது. அதற்கு முன்பே நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அரசு சேவை, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.